க்ராஸ்: விலை அச்சிட்ட கலகம்

முதல் பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஊசி தட்டின்மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, சத்தம் வரவில்லை. இரண்டு நிமிடம் அப்படியே போகிறது. கருவியில்தான் ஏதோ கோளாறு என்று எழுந்துபோய்ப் பார்க்கிறவர்கள் இருந்திருப்பார்கள். அட்டையில் அந்த வெற்றிடத்துக்கு ஒரு தலைப்பும் தந்திருக்கிறார்கள்: 'பேச்சுரிமையின் ஓசை'.

இங்கிலாந்தைச் சேர்ந்த க்ராஸ் என்ற பங்க் ராக் குழுவின் முதல் இசைத்தட்டு இது. பெயர், 'ஐயாயிரம் பேருக்கு உணவளித்தல்'. பைபிளில் அப்பமும் மீனும் பெருகிய கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே கணக்கு வேறு. குறைந்தது ஐயாயிரம் பிரதி போட்டால்தான் ஆலைக்காரன் ஒத்துக்கொள்வான் என்பதால் வந்த ஐயாயிரம் அது. 1978 அக்டோபரில் லண்டனில் ஜான் லோடரின் ஸ்டூடியோவில் பதிவு செய்து, அயர்லாந்தில் ஓர் ஆலைக்கு அச்சுக்கு அனுப்பினார்கள். முதல் உருப்படி 'புகலிடம்'. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. சிலுவையின் பெயரால் பெண்ணுடலுக்கு நேர்ந்ததற்கெல்லாம் ஏசுவைக் கூண்டில் ஏற்றி ஒரு பெண்குரல் கேட்கும் விசாரணை. தெய்வ நிந்தனை, இதை நாங்கள் அச்சடிக்க மாட்டோம் என்று ஆலையில் வேலை பார்த்தவர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த இடத்தை மௌனத்தால் நிரப்பித் தட்டு வெளிவந்தது.

தணிக்கை என்றாலே அரசாங்கம், அதிகாரி, கத்தரிக்கோல் என்று யோசித்துப் பழகிவிட்டோம். இங்கே மறுத்தவர்கள் தொழிலாளிகள். எந்த வர்க்கத்தின் கோபத்தைப் பாடுகிறோம் என்று பங்க் சொல்லிக்கொண்டதோ அந்த வர்க்கத்தின் கைகள்தான் பொத்தானை அழுத்த மறுத்தன. க்ராஸ் பற்றிய சிக்கல் முழுவதும் இந்த முதல் இரண்டு நிமிடத்திலேயே இருப்பதாக எனக்குப் படுகிறது.

பங்க் என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வருவது சிலிர்த்துக்கொண்டு நிற்கும் தலைமுடியும் சட்டையில் குத்திய ஊக்கும்தான். 1976-77இல் லண்டனில் அது ஒரு வெடிப்பாகத்தான் தொடங்கியது. சங்கீத ஞானம் வேண்டாம், மூன்று கார்டு தெரிந்தால் போதும், கோபம் இருந்தால் மேடையேறலாம் என்றது. ஆனால் அது எங்கே போய்ச் சேர்ந்தது? செக்ஸ் பிஸ்டல்ஸ் 1976 அக்டோபரில் இ.எம்.ஐ. கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, அங்கிருந்து துரத்தப்பட்டு, ஏ அண்ட் எம் கம்பெனியில் சில நாள் இருந்து, அங்கும் துரத்தப்பட்டு, வர்ஜினில் போய் உட்கார்ந்தார்கள். க்ளாஷ் குழு 1977 ஜனவரியில் சி.பி.எஸ்.ஸிடம் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தமானது. கலகம் கம்பெனிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டாயிற்று. தங்கள் முதல் தட்டிலேயே 'பங்க் செத்துப்போச்சு' என்று ஒரு பாட்டு வைத்தார்கள் க்ராஸ்காரர்கள். பிறந்து இரண்டு வருஷம்கூட ஆகாத குழந்தைக்கு ஒப்பாரி.

இவர்கள் வந்த இடமும் வேறு. லண்டனுக்கு வெளியே எஸ்ஸெக்ஸ் கிராமப்புறத்தில் டயல் ஹவுஸ் என்று ஒரு பழைய பண்ணை வீடு. 1967 முதல் பென்னி ரெம்போ அங்கே இருந்தார். பிரெஞ்சுக் கவி ரெம்போவின் பெயருக்கு முன்னால் ஒரு பென்னியைச் சேர்த்துக்கொண்ட புனைபெயர். யார் வேண்டுமானாலும் வரலாம், தங்கலாம், கதவுக்குப் பூட்டுக் கிடையாது. சுத்தமான ஹிப்பி மரபு. பங்குக்கோ ஹிப்பி என்றால் ஆகவே ஆகாது. பங்கிலேயே மிகத் தீவிரமான குழு ஹிப்பிகளின் அடுப்படியிலிருந்துதான் புறப்பட்டது என்பதை இசை வரலாறு எழுதுகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறார்கள். 1977இல் முப்பத்துநாலு வயது ரெம்போ ட்ரம்ஸ் அடிக்க, ஸ்டீவ் இக்னரன்ட் என்ற இருபது வயதுத் தொழிலாளி வர்க்கத்துப் பையன் கத்த, இரண்டு பேராக ஆரம்பித்தார்கள். பிறகு ஈவ் லிபர்டீன், ஜாய் டி விவ்ர், பீட் ரைட் முதலியோர் வந்து சேர்ந்தார்கள். ஜீ வாச்சர் படம் போட்டார். ராக்ஸி என்ற பங்க் விடுதியில் குடித்துவிட்டு ஆடித் தூக்கி வெளியே எறியப்பட்ட பிறகுதான் இவர்களுக்குப் புத்தி வந்தது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கறுப்பு உடுத்தினார்கள். மேடையில் வீட்டு விளக்குகள், நாற்பது வாட் பல்பு. முகம் தெரியக்கூடாது, நட்சத்திரம் உருவாகக்கூடாது என்பது ஏற்பாடு.

பாட்டை மட்டும் கேட்டால் க்ராஸ் பிடிபடாது. அவர்களுடைய பிரதி இசைத்தட்டின் அட்டையில் ஆரம்பிக்கிறது. சாதாரண உறை கிடையாது. பல மடிப்பாக விரியும் தாள், உள்ளே ஜீ வாச்சரின் கறுப்பு வெள்ளைப் படங்கள். புகைப்படம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால் தூரிகை வேலை. பாட்டின் வரிகள் முழுக்க அச்சாகியிருக்கும், பக்கத்தில் கட்டுரை வேறு. முகப்பிலேயே 'இதற்கு மேல் கொடுக்காதே' என்ற எச்சரிக்கையோடு விலை. தட்டுகளின் வரிசை எண்ணைப் பாருங்கள்: 1979இல் 521984, 1980இல் 421984, 1981இல் 321984. ஆர்வெலின் 1984க்கு இன்னும் எத்தனை வருஷம் என்பதுதான் முதல் இலக்கம். நாள் குறித்துவிட்டு இறங்கியவர்கள்.

விலை விஷயம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. அச்சடிக்க மறுக்கப்பட்ட அந்தப் பாட்டை 1979இல் தாங்களே தனித் தட்டாக வெளியிட்டார்கள். மற்றவர்களின் தட்டு 90 பென்ஸ் விற்றபோது இவர்களுடையது 45. கணக்குப் போட்டவர்கள் விற்பனை வரியை மறந்துவிட்டார்கள். விளைவு, விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் நஷ்டம். நன்றாக விற்றதால் நஷ்டமும் நன்றாகவே வந்தது. சிறுபத்திரிகை நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை. போதாததற்குப் போலீசும் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனது. ஆனால் இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பண்டத்தின் விலை எங்கோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிர்ணயமாகிறது, வாங்குகிறவன் கொடுத்துவிட்டுப் போகிறான். அந்த மர்மத்தை உடைத்து, இவ்வளவுதான் ஆகும், அதற்கு மேல் கேட்கிறவன் திருடன் என்று பண்டத்தின் நெற்றியிலேயே எழுதுவது ஒரு சொல்லாடல். எந்தப் பாட்டின் கத்தலையும்விட இது கடைக்காரனை அதிகம் தொந்தரவு செய்தது.

கத்தல் என்றேன். உண்மையைச் சொல்லிவிடுவோம், க்ராஸ் தட்டுகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்க முடியாது. ராணுவ அணிவகுப்பு மாதிரி ட்ரம்ஸ், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி கித்தார், அதன்மேல் மூச்சுவிடாமல் வசனம். 1979இல் வந்த இரட்டைத் தட்டான 'ஸ்டேஷன்ஸ் ஆப் த க்ராஸ்' சிலுவைப்பாடு நிலைகளையும் லண்டன் பாதாள ரயில் நிலையங்களையும் ஒரே சொல்லில் பிணைக்கிறது. அந்த நிலையங்களின் விளம்பரங்கள்மேல் இவர்கள் அச்சுத்தகடு வைத்து வாசகம் தெளித்துவந்தார்கள். பெயர் பிரமாதம். பாட்டுகளில் பாதி பிரசங்கம்.

மாறாக, 1981இல் வந்த தட்டு நிஜமான சாதனை. பிராய்டின் 'ஆண்குறிப் பொறாமை' என்ற கருத்தாக்கத்தையே தலைப்பாக வைத்தார்கள். அதில் ஆண்குரல் அநேகமாகக் கிடையாது, ஈவும் ஜாயும்தான் பாடுகிறார்கள். ஆம்பளைக் கத்தலாகவே இருந்த பங்குக்குள் அந்தக் கத்தலை நிறுத்திவைத்த முடிவு அது. இசையும் மாறுகிறது, இடைவெளி வருகிறது, குரல் கொஞ்சுகிறது, கொஞ்சலே அச்சுறுத்தலாகிறது. 'பாட்டா மோட்டல்' என்ற பாட்டில் ஒருத்தி தன் குதிகால் செருப்பைப் பற்றியே பேசுகிறாள். அழகாக நிற்கிறேன், ஓட முடியாமல் நிற்கிறேன் என்பதுதான் சாரம். அவள் விலங்கை அனுபவித்துப் பேசுவதுபோல் பாடுவதில் இருக்கும் கசப்பைப் போலீஸ் கேட்கவில்லை, ஆபாசத்தை மட்டும் கேட்டது. 1984இல் மான்செஸ்டரில் ஒரு கடையில் பிரதிகளைக் கைப்பற்றினார்கள். மேல்முறையீட்டில் மற்றவை தப்பின, இந்த ஒரு பாட்டு மட்டும் ஆபாசம் என்ற தீர்ப்பு நின்றது.

அதே தட்டின் கடைசிப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணக் கனவில் மிதக்கும் சர்க்கரைப் பாகு. இதைக் 'கிரியேட்டிவ் ரெக்கார்டிங் அண்ட் சவுண்ட் சர்வீசஸ்' என்ற பெயரில், இளம்பெண்களுக்கான 'லவ்விங்' என்ற காதல் பத்திரிகைக்கு இலவச இணைப்பாகத் தருவதாகச் சொன்னார்கள். பத்திரிகையும் அகமகிழ்ந்து வாசகிகளுக்கு வழங்கியது. அந்தக் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டிப் பார்த்தால் க்ராஸ். விஷயம் வெளிவந்ததும் பத்திரிகைகள் குதித்தன. பாட்டில் மாற்றியெழுதிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் வேடிக்கை. காதல் பத்திரிகை தினம் பேசும் பேச்சையே அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள், கேலி என்பது தெரியவே இல்லை. பகடிக்கும் அசலுக்கும் நடுவே கோடு எங்கே போட்டிருக்கிறது என்ற கேள்வியை இதைவிடச் சுலபமாக யாரும் கேட்டதில்லை.

1982இல் ஒரு பெரிய தட்டை மாதக்கணக்கில் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரலில் பாக்லாந்து யுத்தம் தொடங்கி ஜூனில் முடிந்தே போயிற்று, தட்டு வெளிவரவில்லை. யுத்தத்தைவிட மெதுவாக நகரும் எதிர்ப்பு எதற்கு? அன்றிலிருந்து அவசரம் பிடித்துக்கொண்டது. ஆயிரம் பேரைச் சாகக்கொடுத்த தாயாக இருப்பது எப்படியிருக்கிறது என்று தாட்சரை நேராகக் கேட்கும் தனித் தட்டு வந்தது. பிரிட்டிஷ் தரப்பில் 255, அர்ஜென்டினா தரப்பில் 649 என்பது சாவுக்கணக்கு. எதிரி நாட்டுப் பிணத்தையும் சேர்த்து எண்ணியதுதான் குற்றமாகத் தெரிந்தது. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவர் வழக்குப் போட வேண்டுமென்றார், பாராளுமன்றம்வரை பேச்சு போனது.

அடுத்த வருஷம் பீட் ரைட் ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி ரேகனும் தாட்சரும் தொலைபேசியில் பேசுவதாக ஒரு நாடா தயாரித்தார். ஷெஃபீல்ட் கப்பலைத் தெரிந்தே பலிகொடுத்ததாகத் தாட்சர் பேசுகிறார், ஐரோப்பாவை அணுயுத்தக் களமாக்கப்போவதாக ரேகன் பேசுகிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை இதைச் சோவியத் கே.ஜி.பி.யின் வேலை என்றது. 1984 ஜனவரியில் 'அப்சர்வர்' பத்திரிகை எஸ்ஸெக்ஸ் பண்ணை வீட்டைக் கண்டுபிடித்தது. தாட்சரிடமே இந்த நாடா பற்றிப் பேசப்பட்டது என்பது 2014இல் வெளியிடப்பட்ட அரசு ஆவணங்களில் தெரியவந்தது. ஒரு வல்லரசின் உளவுத்துறைக்குரிய மரியாதை அடுப்படி வேலைக்குக் கிடைத்துவிட்டது.

இதெல்லாம் வெற்றிதானே என்றால், கூட்டத்தைப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் வேண்டாமென்று உடுத்திய கறுப்பைக் கேட்க வந்த பையன்களும் உடுத்தினார்கள். டேவ் கிங் வரைந்த சின்னம் ஆயிரம் தோல்சட்டை முதுகுகளில் ஏறியது. சீருடைக்கு எதிரானவர்களுக்குச் சீருடை வந்துவிட்டது. 1979 செப்டம்பரில் லண்டன் கான்வே ஹாலில் இவர்கள் நிகழ்ச்சியில் நாஜி ஆதரவு மொட்டைத்தலையர்களும் அவர்களை அடிக்க வந்த இடதுசாரிகளும் மோதி ரத்தம் சிந்தியது. க்ராஸ் இரண்டு பக்கத்தையும் கண்டித்தது. அகிம்சைவாதிகளுக்கு அது ஒத்துப்போகலாம். எனக்கு ஒத்துப்போகவில்லை. இனவெறியனையும் அவனை எதிர்ப்பவனையும் ஒரே தட்டில் வைக்கிற சமதூரம், கறுப்புத் தோலோடு அந்தத் தெருவில் நடக்கிறவனுக்குக் கட்டுப்படியாகுமா?

அவர்களுக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. 1984இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். ஜூலையில் வேல்ஸில் அபர்டேர் என்ற ஊரில், நிறுத்தக்காரர்களுக்கு நிதி திரட்டப் பாடினார்கள். சுரங்கத் தொழிலாளிக்கு முன்னால் அகிம்சை பேச வாய் வரவில்லை என்பதை ரெம்போ பிற்பாடு மறைக்கவில்லை. திரும்பும் வழியில் கித்தார் வாசித்த பால்மர் நான் விலகுகிறேன் என்றார். அத்தோடு முடிந்தது. எண்ணிவைத்த வருஷமும் அதுதான்.

அதன்பிறகு சில தட்டுகள் வந்தன, முக்கியமில்லை. 2010இல் பழைய தட்டுகளை மெருகேற்றி மறுபடி வெளியிட்டபோது உறுப்பினர்களுக்குள்ளேயே தகராறு. டேவிட் பெக்காம் அந்தச் சின்னம் மின்னும் பனியன் போட்டுப் படமெடுத்துக்கொண்டார். பழைய தட்டு சேகரிப்போர் சந்தையில் 'இதற்கு மேல் கொடுக்காதே' என்ற அட்டைக்கு அச்சிட்ட தொகையைப்போலப் பல மடங்கு கேட்கிறார்கள்.

அந்த இரண்டு நிமிட மௌனம் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். பிறகு முதல் தட்டைத் தங்கள் சொந்தக் கம்பெனியிலேயே மறுபடி போட்டார்கள். தடுக்க ஆளில்லை. 'புகலிடம்' தன் இடத்துக்குத் திரும்பியது, மௌனத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது அதைக் கேட்க வேண்டுமானால் முதல் பதிப்பைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.