கொடுத்ததாகச் சொன்னால் போதாது

மதியம் 3 மணிக்குக் கைபேசியில் ஒரு குறுஞ்செய்தி: ‘உங்கள் பார்சல் டெலிவரி செய்யப்பட்டுவிட்டது.’ வாசலில் பார்சல் இல்லை. பக்கத்து வீட்டிலும் இல்லை. கீழே வாட்ச்மேனிடம் கேட்டால், இன்றைக்கு உங்கள் பெயருக்கு எதுவும் வரவில்லை என்கிறார். கஸ்டமர் கேரில் பேசினால், “எங்க சிஸ்டத்துல டெலிவரி ஆனதாத்தான் மேடம் காட்டுது” என்று பதில் வருகிறது. இரண்டு நாள் கழித்து, விசாரித்துவிட்டோம், உங்கள் புகாரை முடித்துவைக்கிறோம் என்று ஒரு மெயில். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் போனது போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடத் தேவையே இல்லை. சட்டம் உங்கள் பக்கம் பேசத் தொடங்கும் இடமே அதுதான்.

கடன் வாங்கியவர் ‘திருப்பிக் கொடுத்துவிட்டேன்’ என்று தன் டைரியில் எழுதிக்கொண்டால் கடன் தீர்ந்துவிடாது. நிறுவனத்தின் ஆப்பில் தெரியும் டெலிவரிப் பதிவும் அப்படிப்பட்டதே. அதை எழுதியவர்கள் அவர்கள், வைத்திருப்பவர்களும் அவர்கள். பொருள் வரவில்லை என்பதை நீங்கள் நிரூபிக்க முடியாது. நடக்காத ஒன்றுக்கு யாரால் ஆதாரம் காட்ட முடியும்? கொடுத்தோம் என்று சொல்பவர்தான் யாரிடம், எங்கே, எப்போது என்று காட்ட வேண்டும். பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 109-ஆவது பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தில் 106) சொல்வதும் இதைத்தான்: ஒரு விஷயம் யாருக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமோ, அதை நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது. பார்சல் எந்த வேனில் ஏறியது, எந்தத் தெருவில் இறங்கியது, ஆப்பில் தட்டியபோது டெலிவரி ஊழியர் எங்கே நின்றார் என்பதெல்லாம் நிறுவனத்தின் கணினியில் இருக்கின்றன. உங்களிடம் இருப்பது ஒரு குறுஞ்செய்தி மட்டும்.

பார்சல் எப்படிக் காணாமல் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாமே திருட்டு இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை பார்சல் கொடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில், தெருமுனையிலேயே பல பார்சல்களை மொத்தமாகக் ‘கொடுத்தாச்சு’ என்று ஆப்பில் தட்டிவிட்டு, பிறகு வீடு வீடாகப் போகிறவர்கள் உண்டு. அப்படியானால் பொருள் அன்று மாலையோ மறுநாளோ வந்து சேரும். சில சமயம் ‘பி பிளாக்’ என்பதை ‘டி பிளாக்’ என்று வாசித்து வேறு வீட்டில் கொடுத்திருப்பார்கள். வீட்டில் ஆள் இல்லை என்று செருப்பு ஸ்டாண்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். அதை வேறு யாரோ எடுத்திருப்பார்கள். வெயிலில் ஐந்து மாடி ஏறி இறங்கும் அந்தப் பையனை முதல் குற்றவாளியாக நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. விற்றவரும் விற்க இடம் கொடுத்தவரும் பொறுப்பை அவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவே அது உதவும். உங்கள் வழக்கு அவரோடு இல்லை.

அப்படியானால் யாரோடு? விற்பனைத் தளம், ‘நாங்கள் வெறும் இடைத்தரகர், விற்பவரைக் கேளுங்கள்’ என்கிறது. விற்பவர், ‘கூரியரில் ஒப்படைத்துவிட்டோம்’ என்கிறார். கூரியர் நிறுவனத்துக்கோ உங்களோடு ஒப்பந்தமே கிடையாது. இந்த மூவருக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி வரத் தேவையில்லாதபடி மூவரையும் எதிர்தரப்பாகச் சேர்த்தே புகார் செய்யலாம். 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகளின்படி, விற்பவரின் பெயர், முகவரி, தொடர்பு விவரங்களைத் தளம் தெரியும்படி வெளியிட வேண்டும். இடைத்தரகர் என்ற வாதத்தை நுகர்வோர் ஆணையங்கள் எல்லா நேரமும் ஏற்பதில்லை. பணத்தை வாங்கியது தளம், கூரியரைத் தேர்ந்தெடுத்தது தளம், புகாரை விசாரித்து மூடியதும் தளம் என்றால் அது வெறும் தபால்பெட்டி இல்லை என்ற நியாயம் அங்கே எடுபடுகிறது.

1996-இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம், கூரியரில் ஆவணம் அனுப்பியவர் கையெழுத்திட்ட நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, இழப்பீடு 100 டாலருக்குள்தான் என்று முடித்தது. ‘கூரியர் நிபந்தனைப்படி இவ்வளவுதான் தருவோம்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், உங்கள் நிலை வேறு என்பதை நினைவில் வையுங்கள். கூரியரோடு கையெழுத்திட்டது நீங்கள் இல்லை. வீட்டு வாசலில் பொருளைத் தருவதாகச் சொல்லிக் காசு வாங்கியவர்களோடுதான் உங்கள் பேச்சு.

ஆனால் நம் சட்டத்தில் ஒரு ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. நாம் இன்னும் சாய்ந்திருப்பது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் மீது. ரயிலில் மூட்டை அனுப்பிய காலத்தில் எழுதியது அது. வாங்குபவருக்கு அனுப்புவதற்காகச் சரக்கைச் சுமப்பவரிடம் ஒப்படைத்தாலே, மேலோட்டமாகப் பார்த்தால் வாங்கியவரிடம் ஒப்படைத்ததற்குச் சமம் என்கிறது அதன் 39-ஆவது பிரிவு. வாசல்வரை கொண்டுவந்து தருவதுதான் ஒப்பந்தம் என்று காட்டி நாம் அதைத் தாண்ட வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் இந்தப் பாடு இல்லை. அங்கே 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், 29-ஆவது பிரிவில், பொருள் நுகர்வோரின் கைக்கோ அவர் குறிப்பிட்ட ஆளின் கைக்கோ போய்ச் சேரும்வரை இழப்பு வியாபாரியுடையது என்று வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. இங்கே 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட திருத்த வரைவில், விற்பவரின் அலட்சியத்தால் பொருள் வந்து சேராவிட்டால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற யோசனை இருந்தது. வரைவு வரைவாகவே நின்றுவிட்டது. கோடிக்கணக்கான வீடுகளுக்கு அன்றாடம் பார்சல் போகும் ஒரு நாட்டில் இந்த ஒரு வரியைச் சட்டமாக்கத் தயங்குவது நியாயமே இல்லை.

இருக்கிற சட்டத்தை வைத்து என்ன செய்யலாம்? முதல் நாள்தான் முக்கியம். டெலிவரி என்று காட்டும் பக்கத்தை நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அக்கம்பக்கத்தில் கேளுங்கள். அடுக்ககமாக இருந்தால் கேட்டில் இருக்கும் ரெஜிஸ்டரைப் பார்த்து, அந்த ஒரு மணி நேரத்துக் கேமரா பதிவைச் சங்கச் செயலாளரிடம் கேட்டுப் பென் டிரைவில் வாங்கிவிடுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் இருக்காது. அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதுங்கள். போனில் பேசியதற்குச் சாட்சி இல்லை. சாட், மெயில் இரண்டும் நிற்கும். ‘பார்சல் வரவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், யாரிடம் கொடுத்தீர்கள், கையெழுத்து எங்கே, புகைப்படம் எங்கே, ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போனது, ஊழியரின் ஜி.பி.எஸ். இருப்பிடம் எது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் பிறகு உங்களுக்கு உதவும்.

ஓ.டி.பி. விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பார்சல் கைக்கு வருமுன் அந்த எண்ணைச் சொல்லாதீர்கள். ‘கீழே நிக்கிறேன், நம்பரைச் சொல்லுங்க’ என்று போனில் கேட்டாலும் இறங்கிப் போய் வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். நிறுவனத்தின் கையில் இருக்கக்கூடிய மிக வலுவான சான்று நீங்கள் சொன்ன அந்த எண்தான். அதேபோல, ‘வாட்ச்மேனிடம் கொடுத்துடுங்க’, ‘பஸ் ஸ்டாப் டீக்கடையில் வச்சிடுங்க’ என்று நீங்களே சொல்லியிருந்தால் அது நீங்கள் காட்டிய ஆள், நீங்கள் காட்டிய இடம். அதன்பின் நிறுவனத்தைப் பிடிப்பது கடினம். கிராமங்களில் வீட்டு எண்ணைத் தேடி அலுத்துப்போன ஊழியர் கடையில் வைத்துவிடுவது சகஜம். உங்கள் சம்மதம் இல்லாமல் வைத்திருந்தால் அதை உடனே எழுத்தில் மறுத்துவிடுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் கஸ்டமர் கேர் எண்களை நம்ப வேண்டாம். பார்சலைத் தொலைத்த பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கவே போலி எண்கள் உலவுகின்றன. ஆப்புக்குள் இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். ரீஃபண்ட் தருகிறேன் என்று சொல்லி யாராவது பணத்தை எடுத்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

சாதாரண கஸ்டமர் கேர் கைவிரித்தால் அடுத்து குறைதீர் அலுவலர். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பையும் தளத்தில் போட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது 2020 விதிகளில் இருக்கும் கட்டாயம், நிறுவனத்தின் தயவு இல்லை. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்களுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லை. ஆனாலும் நிறுவனத்தின் மேல்மட்டத்துக்குப் புகாரை நேரடியாகக் கொண்டுபோவார்கள். சிறிய தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடுகின்றன.

கார்டில் பணம் கட்டியிருந்தால் வங்கியிடமும் போகலாம். பொருள் வந்து சேரவில்லை என்ற காரணத்தைக் காட்டி ‘சார்ஜ்பேக்’ கேளுங்கள். அப்போது டெலிவரிக்கான சான்றை வங்கி வியாபாரியிடம் கேட்கும். இதற்குக் காலக்கெடு உண்டு என்பதால் நிறுவனத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தவணையில் வாங்கிய போன் தொலைந்தால் கோபத்தில் இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள், கெடுவது உங்கள் சிபில் மதிப்பெண். கட்டிய வட்டியையும் சேர்த்து நிறுவனத்திடம் பின்னால் கேளுங்கள்.

விலை உயர்ந்த பொருள் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வையுங்கள். சுமந்து செல்ல ஒப்படைத்த பொருளை அபகரிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் வரும் குற்றம். ஏழாண்டு வரை சிறை உண்டு. ஆனால் போலீஸ் புகார் கொண்டுவந்தால்தான் பணம் என்று நிறுவனம் நிபந்தனை போட்டால் அதற்குத் தலையாட்ட வேண்டியதில்லை. திருடனைப் பிடிப்பது காவல்துறையின் வேலை. பணத்தைத் திருப்பித் தருவது விற்றவரின் கடமை.

இதற்கும் மசியாதவர்களுக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்த பெரிய மாற்றம், புகாரை உங்கள் ஊரிலேயே தரலாம் என்பது. நிறுவனம் பெங்களூரில் இருக்கட்டும், குருகிராமில் இருக்கட்டும். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்தின் ஆணையத்துக்குப் போகலாம் என்கிறது 34-ஆவது பிரிவு. ‘வழக்கு என்றால் எங்கள் ஊர் நீதிமன்றத்தில்தான்’ என்று பொடி எழுத்தில் இருப்பதைக் கண்டு மலைக்காதீர்கள். நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்ற நிபந்தனை நுகர்வோர் மன்றத்தின் கதவை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் சொல்லிவிட்டது. ‘48 மணி நேரத்துக்குள் தெரிவிக்காவிட்டால் உரிமை இல்லை’ என்று நிறுவனம் எழுதிவைத்திருக்கலாம். ஆனால் ஆணையத்தில் புகார் தர உங்களுக்கு இரண்டாண்டு அவகாசம் உண்டு.

கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்தில் பதிவு செய்யலாம். சிங்கப்பூரிலிருந்து மகன் பணம் கட்டிப் புதுக்கோட்டையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிய மிக்ஸி வராமல் போனால், அம்மாவே புகார்தாரராக நிற்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான். பிழைப்புக்காகத் தையல் மெஷின் ஆர்டர் செய்தவருக்கும் இந்த உரிமை உண்டு. மறுவிற்பனைக்காக வாங்கும் கடைக்காரருக்குத்தான் இல்லை. பொருளின் விலையோடு வட்டி, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் புகாரிலேயே கேட்டுவிடுங்கள். கேட்காததைப் பெறுவது சிரமம்.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும். கூடுதலாக 15 நாள் கேட்கலாம், அதற்குமேல் ஒரு நாள்கூட இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்தது. மூன்று மாதத்தில் வழக்கு முடிய வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் அதிகம் இழுக்கும். அதற்கு மனத்தைத் தயாராக்கிக்கொண்டே இறங்குங்கள். தீர்ப்பு வந்தபின் நிறுவனம் 45 நாளில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் தீர்ப்பான தொகையில் பாதியை முதலில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் 71-ஆவது பிரிவில் நிறைவேற்று மனுவும், 72-ஆவது பிரிவில் தண்டனை கோரும் மனுவும் போடலாம். ஆணையத்தின் உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறை அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 72-ஆவது பிரிவு சொல்கிறது. 800 ரூபாய் சுடிதாருக்கான உத்தரவுக்கும் இது பொருந்தும்.