வயலில் இருந்து ஆவியாகும் நீர்: விண்ணில் இருந்து கணக்கிடுவது எப்படி?

பஞ்சாபில் நெல் நடவை ஜூன் 10-ஆம் தேதிக்கு முன் தொடங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. கடும் கோடையில் வயலில் நிற்கும் நீர் பெருமளவில் ஆவியாகிறது. பருவமழையை ஒட்டி நட்டால் அந்த இழப்பு குறையும் என்பதே அதன் அடிப்படை.

ஆழ்துளைக் கிணற்றில் இருந்து இறைக்கும் நீர் முழுவதும் வீணாவதில்லை. ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மீண்டும் நிலத்தடியைச் சேர்கிறது. மண்ணில் இருந்தும் இலைகளில் இருந்தும் ஆவியாகும் பகுதியே அந்த வயலை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறது. எனவே மோட்டார் இறைத்த அளவைக் கொண்டு உண்மையான இழப்பை அறிய முடியாது.

2002 முதல் 2008 வரை ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானா பகுதிகளில் 109 கன கிலோமீட்டர் நிலத்தடி நீர் குறைந்ததாக கிரேஸ் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தைக் கொண்டு மதிப்பிட்டன. ஆனால், எந்த வயலில் எவ்வளவு நீர் போனது என்பதை அந்த அளவீடு காட்டாது.

அதற்கு உதவுவது வெப்பம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.45 மெகாஜூல் ஆற்றல் தேவை. மண்பானை நீரைக் குளிரச் செய்யும் அதே விதிப்படி, நீர் பாய்ந்த வயல் நண்பகலிலும் அருகில் உள்ள தரிசைவிடக் குளிர்ந்திருக்கும். செயற்கைக்கோளின் வெப்ப அகச்சிவப்பு உணரி இந்த வேறுபாட்டைப் பதிவு செய்கிறது. அது நீராவியை நேரடியாக அளப்பதில்லை.

நிலம் பெறும் நிகரக் கதிராற்றலில் மண்ணைச் சூடாக்கும் பங்கையும் காற்றைச் சூடாக்கும் பங்கையும் கழித்தால் மிஞ்சுவது ஆவியாதலுக்குச் செலவான ஆற்றல். காற்றுக்குச் செல்லும் பங்கைக் கணிப்பதுதான் கடினம். நெதர்லாந்து விஞ்ஞானி விம் பாஸ்டியான்சன் 1998-இல் வெளியிட்ட 'செபல்' முறை, ஒரே படத்தில் உள்ள மிகக் குளிர்ந்த ஈர வயலையும் மிகச் சூடான வறண்ட நிலத்தையும் இரு எல்லைகளாக வைத்து, மற்ற இடங்களை அவற்றுக்கு இடையே பொருத்துகிறது. எளிய உத்திதான், ஆனால் மற்றக் கணிப்புகளின் பிழைகள் அனைத்தும் கடைசியில் ஆவியாதல் கணக்கின் தலையிலேயே விழுகின்றன.

நாளொன்றுக்கு 1 மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால்கூட, 100 நாள்களில் ஒரு ஹெக்டேருக்கு 10 லட்சம் லிட்டர் கணக்கு மாறிவிடும். ஆகவே வயல்களில் நிறுவப்பட்ட அளவீட்டுக் கோபுரங்களின் தரவுகளோடு ஒப்பிட்டே இந்த மதிப்பீடுகள் சரிபார்க்கப்படுகின்றன.

இந்தியாவுக்கு மேகமும் ஒரு தடை. வெப்ப உணரியால் மேகத்தை ஊடுருவ இயலாது. நெல் வளர்வதோ பருவமழைக் காலத்தில். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து 8 நாள்களுக்கு ஒருமுறைதான் ஓரிடத்தைப் படமெடுக்கின்றன. அன்று வானம் மூடியிருந்தால் மேலும் 8 நாள் காத்திருக்க வேண்டும்.

இஸ்ரோவும் பிரான்ஸின் சிஎன்இஎஸ் அமைப்பும் இணைந்து உருவாக்கும் 'த்ரிஷ்ணா' செயற்கைக்கோள் இந்த இடைவெளியை ஏறத்தாழ மூன்று நாள்களாகக் குறைக்கும். லேண்ட்சாட்டின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி 100 மீட்டர் சதுரம், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர். த்ரிஷ்ணாவில் அது 57 மீட்டர். முக்கால் ஏக்கருக்குச் சற்று அதிகம். சிறு விவசாயி ஒருவரின் வயல் அடுத்த வயலோடு கலவாமல் தனியே தெரிய இந்த வேறுபாடு உதவும்.