தள்ளுபடியில் தேனீப் பெட்டி வாங்கலாமா?



தேனீ வளர்க்கும் அன்பர்களும், இனிமேல் வளர்க்கலாம் என்று நினைக்கிற அன்பர்களும் எங்களிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, கடையிலே தேனீப் பெட்டி தள்ளுபடியில் கிடைக்குது. பக்கத்து ஊர்லே ஒருத்தர் பழைய பெட்டியைப் பாதி விலைக்குத் தர்றேங்கிறார். வாங்கிப் போடலாமா?" இதுதான் கேள்வி. வாங்கலாம் என்றும் சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது, வாங்குமுன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை இன்றைக்கு விளக்கமாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள். மண்வெட்டி வாங்குகிறோம், கொஞ்சம் அளவு மாறினால் என்ன? வேலை நடந்துவிடும். தேனீப் பெட்டி அப்படியல்ல. அது ஓர் உயிர் குடியிருக்கும் வீடு. அளவு பிசகினால் தேனீ அதில் தங்காது. தங்கினாலும் நமக்குத் தேன் எடுக்க வசதிப்படாது. ஆகவே தள்ளுபடிக் கடைக்குப் போகும்போது பையில் பணம் இருக்கிறதோ இல்லையோ, ஓர் அளவு நாடா இருக்க வேண்டும்.

எந்தத் தேனீக்கு எந்தப் பெட்டி?

நம் பக்கத்தில் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் இந்தியத் தேனீ. இதையே அடுக்குத் தேனீ என்றும் சொல்கிறோம். சில இடங்களில் இத்தாலியத் தேனீயும் வளர்க்கிறார்கள். இரண்டுக்கும் உடம்பு அளவு வேறு, குடும்பத்தின் அளவும் வேறு. இத்தாலியத் தேனீக்கு லாங்ஸ்ட்ராத் பெட்டி என்ற பெரிய பெட்டி. அதில் 10 சட்டங்கள். நம் இந்தியத் தேனீக்கு நியூட்டன் பெட்டி. இதில் கீழே உள்ள புழு அறையில் 7 சட்டங்கள். நியூட்டன் என்ற பாதிரியார் 1911 முதல் 1917 வரை தென்னாட்டில் பலருக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயரால் வழங்குவதுதான் இந்தப் பெட்டி.

பெரிய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதே என்று அதில் இந்தியத் தேனீயை விட்டால் என்ன ஆகும்? புழுக்கள் வளர்கிற இடத்தைத் தேனீக்கள் ஏறத்தாழ 34 டிகிரி வெப்பத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சின்னக் குடும்பம் பெரிய வீட்டைச் சூடாக வைக்கத் திணறும். காலியாகக் கிடக்கிற மூலைகளில் மெழுகு அந்துப்பூச்சி புகுந்துவிடும். கடைசியில் ஒருநாள் காலையில் பார்த்தால் பெட்டி காலி! இந்தியத் தேனீக்கு வீடு பிடிக்காவிட்டால் ஓடிப்போகிற குணம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும்.

அளந்து பாருங்கள்

நியூட்டன் பெட்டியின் புழு அறைச் சட்டம் உள் அளவில் 20.6 சென்டிமீட்டர் நீளம், 14.4 சென்டிமீட்டர் உயரம். மேலே உள்ள தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் மட்டும் 6.2 சென்டிமீட்டர். இந்தியத் தர நிர்ணயத்தில் 'ஏ' வகை என்று ஒரு பெட்டி உண்டு. அதன் சட்டம் 21 சென்டிமீட்டருக்கு 14.5. 'பி' வகை என்பது இன்னும் பெரிது. 'பி' வகை நம்முடையது இல்லை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். ஆனால் நியூட்டனுக்கும் 'ஏ' வகைக்கும் உள்ள வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது. ஏமாறுகிற இடம் இதுதான்.

"சில மில்லிமீட்டர் தானே, போகட்டும்" என்று விட முடியாது. காரணத்தைச் சொல்கிறேன். 1851-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்பவர் ஓர் உண்மையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்தினார். தேனீக்கள் தாம் நடமாடுவதற்கு ஒரு குறிப்பிட்ட இடைவெளியை எப்போதும் காலியாக விட்டு வைக்கும். அதற்குத் 'தேனீ இடைவெளி' என்று பெயர். நம் இந்தியத் தேனீக்கு அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே இடம் இதைவிட அதிகமாக இருந்தால், தேனீ சும்மா விடாது. அங்கே குறுக்கே ஓர் அடை கட்டிவிடும். சட்டத்தை எடுக்கப் போனால் அடை கிழியும், தேன் ஒழுகும், புழு சாகும். இடைவெளி மிகவும் குறைந்தாலோ தேனீ நுழைய முடியாத சந்தாகிவிடும். எறும்புக்கும் அந்துப் புழுவுக்கும் அது பதுங்குமிடம்.

ஆகவே கடையில் இப்படிச் செய்யுங்கள். பெட்டியைத் திறந்து ஒரு சட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பெட்டி இருந்தால், அதிலிருந்து காலிச் சட்டம் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். புதுப் பெட்டியில் அதைப் போட்டுப் பாருங்கள். இந்தப் பெட்டிச் சட்டம் அந்தப் பெட்டியிலும், அந்தப் பெட்டிச் சட்டம் இந்தப் பெட்டியிலும் தடையில்லாமல் இறங்கி ஏற வேண்டும். குடும்பம் பிரிக்கும்போதும், பலவீனமான குடும்பத்துக்குப் புழு அடை கொடுக்கும்போதும் சட்டம் மாற்றித்தான் ஆக வேண்டும். சட்டம் மாறாத பெட்டி சும்மா கிடைத்தாலும் நஷ்டம்தான்.

மரத்தையும் மூக்கையும் நம்புங்கள்

அடுத்தது மரம். நன்றாகக் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பலா, அயினி, தேக்கு போன்றவை நல்லவை. பச்சை மரத்தில் செய்த பெட்டி கடையில் அழகாக இருக்கும். ஒரு கோடை போனால் முறுக்கிக்கொள்ளும், இணைப்பு விலகும். மட்டரக ஒட்டுப்பலகைப் பெட்டி ஒரு மழையில் ஊறி உப்பிவிடும்.

பெட்டிக்குள் முகத்தை விட்டு மோந்து பாருங்கள். வண்ணப்பூச்சு, வார்னிஷ், மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டாம். கரையானுக்குப் பயந்து பூச்சிமருந்து அடித்த மரம் என்றால் தொடவே தொடாதீர்கள். கரையானைக் கொல்கிற மருந்து தேனீயையும் கொல்லும். வெளிப்புறத்துக்கு மட்டும் வெளிர் நிற வண்ணம் அடிக்கலாம். உள்ளே வெறும் மரமே போதும்.

மற்ற சாமான்கள்

புகைப்பானில் துருத்திதான் உயிர். துருத்தியை அமுக்கி, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். காற்று பலமாக வர வேண்டும். பக்கவாட்டில் கசிந்தால் வேண்டாம். முகவலை கறுப்பு வலையாக இருக்கட்டும். வெள்ளை வலையில் வெயில் பட்டால் கண் கூசும், முட்டை இருக்கிறதா என்று பார்க்க முடியாது. தொப்பி விளிம்பு அகலமாக இருந்தால்தான் வலை முகத்தில் ஒட்டாது.

ராணித் தடுப்புத் தகட்டில் கவனம் தேவை. இத்தாலியத் தேனீக்கு என்று செய்த தகட்டின் வழியே நம் ராணி சுலபமாக நுழைந்து மேலே போய்விடும். தேன் அறையில் முட்டை வைத்துவிடும். அப்புறம் தகடு இருந்து என்ன, இல்லாமல் என்ன?

ஆதார மெழுகுத் தாளும் அப்படியே. அடுத்தடுத்துள்ள 10 அறைகளை அளந்து பாருங்கள். 4¼ முதல் 4½ சென்டிமீட்டர் வந்தால் நம் தேனீக்கு. 5¼ சென்டிமீட்டருக்கு மேல் போனால் அது இத்தாலியத் தேனீக்கு. எவ்வளவு மலிவு என்றாலும் நமக்கு உதவாது.

தேன் எடுக்கும் இயந்திரத்தில் துத்தநாகம் பூசிய தகரம் வேண்டாம். தேனில் புளிப்புச் சத்து உண்டு, தகட்டை அரிக்கும். எவர்சில்வரில் செய்ததாகப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றினால் ஆடாமல், பல்சக்கரம் உரசாமல் ஓட வேண்டும். இரண்டு பெட்டி வைத்திருப்பவருக்குச் சொந்த இயந்திரம் எதற்கு? ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கினால் போதும்.

பழைய பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

இதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற நச்சுயிரி நோய் பரவியது. வீட்டுக்கு வீடு பெட்டி வைத்திருந்த பகுதிகளில் பெரும்பாலான குடும்பங்கள் அழிந்துபோயின. புழு வளர்ந்து கூட்டுப்புழுவாகும் முன்பே செத்து, நீர் நிறைந்த பை மாதிரி ஆகிவிடும். இந்த நோய் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆகவே ஒருவர் காலிப் பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறார் என்றால், "தேனீ என்ன ஆச்சு?" என்று முதலில் கேளுங்கள். பழைய அடைகளோடு பெட்டியை வாங்கவே வேண்டாம். அடை சும்மா கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், அதோடு அந்துப்பூச்சி முட்டையும் நோயும் சேர்ந்து வரும். இருக்கிற நல்ல குடும்பத்துக்கும் ஆபத்து.

பெட்டி மட்டும் திடமாக இருந்து, அளவும் சரியாக இருந்தால் வாங்கலாம். வாங்கியதும் மெழுகு, அழுக்கு எல்லாவற்றையும் சுரண்டி எரித்துவிடுங்கள். சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவிக் காய வையுங்கள். பிறகு ஊதுவிளக்கின் தீ நாக்கை உட்புறம் முழுவதும் காட்டுங்கள். மரம் லேசாகப் பழுப்பேறினால் போதும், கருக வேண்டாம். மூலை முடுக்குகளை விட்டுவிடாதீர்கள். சட்டங்களைப் புதிதாகச் செய்துகொள்வது நல்லது.

தேனீக் குடும்பத்தையும் தள்ளுபடி பார்த்து வாங்காதீர்கள். ராணி இருக்கிறதா, புது முட்டை தெரிகிறதா, செத்த புழு இல்லாமல் இருக்கிறதா என்று சட்டம் சட்டமாகப் பார்த்து, நியாய விலை கொடுத்து வாங்குங்கள்.

தள்ளுபடிக் கணக்கு

விலைக் கணக்கையும் பார்ப்போம். ஒரு கடையில் 2,000 ரூபாய்ப் பெட்டிக்கு 25 சதவீதம் தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். விலை 1,500 ரூபாய். லாரிக் கூலி 200 சேர்த்தால் 1,700. பக்கத்துக் கடையில் தள்ளுபடியே இல்லாமல் 1,650-க்குக் கிடைத்தால், எது மலிவு? இன்னொன்றும் கேளுங்கள். அந்த விலையில் தாங்கியும், எறும்புக் கிண்ணமும், தேன் அறையும், எல்லாச் சட்டங்களும் சேர்த்தியா? சட்டங்களை எண்ணிப் பாருங்கள். குறைகிற சாமானைத் தனியாக வாங்கினால் தள்ளுபடி அதிலேயே போய்விடும். தோட்டக்கலைத் துறை மூலம் மானியம் கிடைக்குமா என்றும் வட்டார அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். நிறைய வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு பெட்டியை முதலில் வாங்கி, குடியேற்றிப் பார்த்துவிட்டு மற்றதை வாங்குங்கள்.

எப்போது வாங்குவது? குமரி மாவட்டத்தில் ரப்பர் மரம் புதுத் தளிர் விட்டதும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை தேன் கொழிக்கும். அந்த நேரத்தில் எல்லாருக்கும் பெட்டி வேண்டும், விலையும் ஏறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பஞ்ச காலம். கடைக்காரருக்கு விற்பனை மந்தம். பேரம் பேச அதுவே சமயம். அப்போது வாங்கிய பெட்டியை வெயிலில் வைத்து வாடை போக்கி, வளர்ச்சிக் காலத்தில் குடும்பம் பிரிக்கத் தயாராக வைத்துக்கொள்ளலாம். மற்ற மாவட்டத்து அன்பர்கள் தங்கள் ஊர்ப் பூக்காலத்தைப் பார்த்து இதையே செய்யலாம்.

சுருக்கமாகச் சொன்னால்: அளவு சரியான, வாடையில்லாத புதுப் பெட்டி, நல்ல துருத்தியுள்ள புகைப்பான், எவர்சில்வர் இயந்திரம் இவற்றைத் தள்ளுபடியில் தாராளமாக வாங்கலாம். பழைய அடை, வேறு தேனீக்குச் செய்த தகடு, அளவு மாறிய பெட்டி, நோய் கண்ட குடும்பம் இவை எந்த விலைக்கும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் வாங்குமுன்பே உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் எங்களால் பெட்டியை நீட்டவும் முடியாது, குறுக்கவும் முடியாது!

அளந்து வாங்குங்கள், ஆதாயம் பெறுங்கள்.