பாறை மனையில் காய்கறித் தோட்டம் சாத்தியமா? அடி அண்ணாமலையில் எங்கிருந்து தொடங்குவது?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் மேற்குப் பக்கம், ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள ஊர் அடி அண்ணாமலை. இதுபோன்ற மலையடிவார மனைகளில் கொஞ்சம் தோண்டினாலே கடப்பாரை ‘ணங்’குனு பாறையில் மோதும். உடனே தோன்றும் யோசனை, நாலு லோடு செம்மண் இறக்குவது. ஆனால், சரிவில் கொட்டிய மண்ணைக் கனமழை தெருவுக்கு இழுத்துட்டுப் போயிடும். காசும் அதோடு போச்சு.

முதலில் தண்ணீர்

மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,000 மி.மீ. மழை பெய்கிறது. குறைவில்லை, நிற்காமல் ஓடுவதுதான் பிரச்சினை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் 50 மி.மீ. பெய்தால் சுமார் 4,600 லிட்டர்! தொட்டியில் பிடித்தது போக மீதியைத் தோட்டத்துக்குத் திருப்பலாம். போர் போட்டால் போதாதா? கடினப் பாறையில் விரிசல்களில் தேங்கிய நீர்தான் கிடைக்கும். மழை உள்ளே இறங்காவிட்டால் அதுவும் வற்றிவிடும்.

கல்லே வரப்பு

தோண்டிய கற்களைத் தூக்கிப் போட வேண்டாம். சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் வரப்பாக அடுக்குங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் போதும். வரப்பின் மேல்புறம் வண்டலும் ஈரமும் தங்கும். அங்கே ஓரடி உயர மேட்டுப்பாத்தி போட்டு, தொழுவுரம் கலந்து, சருகால் மூடாக்கு இட்டால் கீரை, கத்தரி, வெண்டை வரும்.

வெயிலும் குரங்கும்

மலை கிழக்கே இருப்பதால் இங்கு காலை வெயில் தாமதமாக வரும். மாலை வெயில் சுள்ளென்று அடிக்கும். அதனால் மேற்கு ஓரம் முருங்கை, அகத்தி. வேலியில் களா, பிரண்டை. குரங்குத் தொல்லை இருந்தால் கொய்யாவை நம்ப முடியாது. கறிவேப்பிலை, மிளகாய், மஞ்சள் பரவாயில்லை.

மலையே சாட்சி

வறண்டு கிடந்த அண்ணாமலைச் சரிவுகளில் 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் மரம் நட்டுவருகிறார்கள். இன்று ‘தி ஃபாரஸ்ட் வே’ அமைப்பு நாட்டு மரக்கன்றுகளை வளர்த்து நடுகிறது. மழைக்காலத்தில் நடுவது, மண்ணுக்கேற்ற மரத்தைத் தேர்வது, தீயிலிருந்து காப்பது என எல்லாமே பொறுமை கேட்கும் வேலைகள்.

வீட்டுத் தோட்டத்துக்கும் அதுதான் கணக்கு. கோடையில் வரப்பு, ஆடியில் பாத்தி, ஐப்பசி மழைக்கு முன் மரக்கன்று. முதல் வருஷம் கீரைதான் கிடைக்கும். ஆனால் மண் உங்கள் மனையிலேயே இருக்கும்.