பொதுச் சூளையும் கிளவுட் கிளஸ்டரும்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அகல் விளக்கு, பொம்மை, மின் இன்சுலேட்டர் என்று வார்க்கும் சிறு பட்டறைகள் பல. தலைக்கு ஒரு பெரிய சூளை கட்டி, எரிபொருள் வாங்கிப் போட்டு, இரவு பகலாகச் சூட்டைக் காவல் காக்க எல்லாராலும் முடியாது. பொதுச் சூளை என்ற ஏற்பாடு அதற்காகத்தான். அச்சும் வடிவமும் பட்டறைக்காரருடையவை. சுட்டுத் தருவதற்குக் கூலி. கணினி உலகில் ஏறக்குறைய இதே ஏற்பாடு ‘மேனேஜ்ட் குபர்னெட்டிஸ்’ என்ற பெயரில் நடக்கிறது.

அப்படியொரு பட்டறை இணையத்தில் கடை திறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுக்க ஈயோட்டும் தளத்தில், கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரம் கூட்டம் அலைமோதும். அன்று பார்த்துத் தளம் படுத்துவிட்டால் வியாபாரம் போச்சு. கடையின் நிரலையும் அது ஓடத் தேவையான துணை நிரல்களையும் ஒரே பொதியாகக் கட்டியதுதான் கன்டெய்னர். எந்த சர்வரில் வைத்தாலும் ஒரே மாதிரி ஓடும். எந்த சர்வரில் எத்தனை பொதிகள் ஓட வேண்டும், ஒன்று நின்றுபோனால் மாற்று எங்கே கிளம்ப வேண்டும் என்று கவனிப்பது குபர்னெட்டிஸ். கூகுள் 2014-இல் அறிவித்த இந்த மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. விலை கிடையாது.

விலை இல்லைதான், பராமரிப்பில்தான் பாடு. 2019 ஜூலை 10, மான்செஸ்டரில் கிரிக்கெட் உலகக் கோப்பை அரையிறுதி. தோனி ஆடும்போது, ஆட்டத்தை நேரலையில் காட்டிய ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர். அவர் ரன் அவுட் ஆனதும் கூட்டம் மொத்தமாக வீடியோவை விட்டு முகப்புப் பக்கத்துக்குத் திரும்பியது. வீடியோ தரும் சர்வர்களுக்கு வேலை குறைய, முகப்புப் பக்கம் தரும் சர்வர்கள்மேல் பாரம் ஏறியது. கூட்டம் சேர்வதைப் போலவே கலைவதும் ஆபத்து என்பதை வெளியாள் யோசித்திருக்க மாட்டார். பிற்பாடு அந்நிறுவனம், சொந்தமாகப் பராமரித்துவந்த குபர்னெட்டிஸை விட்டு அமேசானின் மேனேஜ்ட் குபர்னெட்டிஸான ஈ.கே.எஸ். சேவைக்கு மாறியது. 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 5.9 கோடி.

அகல் விளக்குக் கடைக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையா? ஒரே தளம், ஒரே ஆள் என்றால் தேவையில்லை. கூகுளின் கிளவுட் ரன் போன்ற எளிய சேவையே தாங்கும். ஆர்டர், பணம், இருப்பு எனப் பல நிரல்கள் தனித்தனியே வளரத் தொடங்கினால்தான் குபர்னெட்டிஸ் பக்கம் போவதில் பொருள் உண்டு.

தொடக்கம் கடினமல்ல. கன்டெய்னர் பொதியைக் கட்டி, பொதிகளைச் சேமித்துவைக்கும் பதிவகத்தில் ஏற்ற வேண்டும். அருகிலுள்ள தரவு மையத்தில் கிளஸ்டர், அதாவது குபர்னெட்டிஸ் நடத்தும் சர்வர் தொகுதி, உருவாக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் 2015-லேயே சென்னையில் மையம் திறந்தது. அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும். பிறகு ‘இந்த நிரலுக்கு எப்போதும் மூன்று நகல்’ என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால், மூன்றுக்குக் குறையாமல் கிளஸ்டர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு நகலுக்கும் எவ்வளவு சிபியு, எவ்வளவு நினைவகம் என்பதையும் அதே கோப்பில் குறிப்பிட வேண்டும். புதியவர்கள் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சிபியு பயன்பாடு இத்தனை சதவீதம் தாண்டினால் நகலைக் கூட்டு என்று சொல்லிவைத்தாலும், எதில் சதவீதம் என்று தெரியாமல் கிளஸ்டர் கையைக் கட்டிக்கொண்டிருக்கும்.

சேவை நிறுவனம் பார்த்துக்கொள்வது கிளஸ்டரின் கட்டுப்பாட்டுப் பகுதியை. அதற்கு ஈ.கே.எஸ். கூலி மணிக்கு 10 சென்ட், மாதம் சுமார் 73 டாலர். சர்வர் வாடகை தனி. மைக்ரோசாஃப்டில் இலவசப் படி ஒன்று உண்டு. ஆனால் குபர்னெட்டிஸின் ஒரு பதிப்புக்கு ஈ.கே.எஸ். தரும் வழக்கமான ஆதரவு 14 மாதம்தான். அதற்குப் பிறகும் பழைய பதிப்பிலேயே இருந்தால் மணிக்கு 60 சென்ட், அதாவது ஆறு மடங்கு.

பழகிப் பார்த்தபின் கிளஸ்டரை அழிக்கும்போதும் கவனம் வேண்டும். அதற்கு முன், வரும் கூட்டத்தை நகல்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சரையும் வட்டுகளையும் நீக்காவிட்டால் அவை அப்படியே தங்கிப்போய், அவற்றுக்கான பில் மாதாமாதம் வரும்.