எடை குறைந்தது... தோல் தொங்குகிறதே!

நாற்பது கிலோ குறைத்துவிட்டீர்களா? முதலில் கையைக் கொடுங்கள்! சர்க்கரை கட்டுக்குள் வந்திருக்கும். மாடிப்படி ஏறினால் முன்போல மூச்சு வாங்காது. முட்டிவலிகூடக் குறைந்திருக்கும். எல்லாம் சரி... குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் நிற்கும்போது மட்டும் மனசு சுருங்கிப் போகிறதா?

அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்குகிறது. கையைத் தூக்கினால் மேல்கைச் சதை ஆடுகிறது. மார்பு சரிந்துவிட்டது. பழைய ரவிக்கை தொளதொளவென்று இருக்கிறது. புது ரவிக்கையிலோ கை ஓரத்தில் தோல் பிதுங்குகிறது. போதாக்குறைக்கு கல்யாண வீட்டில் பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாம், 'என்னம்மா, உடம்பு சரியில்லையா? இப்படி வத்திப் போயிட்டியே!' என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

'இதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்?' என்று வெறுத்துப்போய் மறுபடி பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. அப்படி மட்டும் செய்துவிடாதீர்கள். தொங்குகிற தோலைச் சரிசெய்ய ஆபரேஷன்கள் இருக்கின்றன. 'பாடி கான்டூரிங்' என்று பொதுப்பெயர். ஆனால், யாருக்கு, எப்போது, என்ன விலை கொடுத்து என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்கக்கூடாது.

தோல் ஏன் திரும்பச் சுருங்கவில்லை?

நம் தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. தோலுக்கு உறுதி தருவது கொலாஜன். இழுத்தால் பழைய நிலைக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். பாவாடையில் போடுகிற எலாஸ்டிக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் இழுத்தால் திரும்பிவிடும். பத்து வருஷம் இழுத்தபடியே வைத்திருந்தால்? அந்த நிலைதான் இந்தத் தோலுக்கும்.

எவ்வளவு கிலோ குறைந்தது, எத்தனை வருஷம் குண்டாக இருந்தீர்கள், வயசு என்ன, எத்தனை பிரசவம், சிகரெட் பழக்கம் உண்டா, பரம்பரை எப்படி என்பதையெல்லாம் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். இருபத்தைந்து வயசில் 15 கிலோ குறைத்தவருக்குத் தோல் ஓரளவு தானாகவே இறுகலாம். ஐம்பது வயசில் 50 கிலோ குறைத்தவருக்கு அது நடக்காது.

'தினமும் எக்சர்சைஸ் செய்தால் சரியாகாதா?' உடற்பயிற்சி தோலுக்கு அடியில் இருக்கிற தசையை வளர்க்கும். அதனால் பார்வைக்குக் கொஞ்சம் எடுப்பாகத் தெரியும், உடம்புக்கும் நல்லது. ஆனால், தொங்குகிற தோலை அது சுருக்காது. கிரீமும் எண்ணெய் மசாஜும் தோலை மிருதுவாக்கும், அவ்வளவுதான். சூடு கொடுத்து இறுக்குகிற மெஷின்கள் லேசான தளர்ச்சிக்கு ஓரளவு உதவலாம். இடுப்புக்குக் கீழே மடிந்து தொங்குகிற தோலுக்கு அவை போதாது.

அழகுக்காக மட்டும்தானா?

இல்லை. நம் ஊர் வெயிலில் அடிவயிற்று மடிப்புக்குள் வியர்வை தேங்கி, அரிப்பும் படையும் வரும். சிலருக்குப் புண்ணாகி நாற்றம் எடுக்கும். மருந்து போட்டால் ஆறும். அடுத்த கோடையில் திரும்ப வரும். நடக்கும்போது தொடைகள் உரசிப் புண்ணாவதும், மடிப்பின் கனத்தால் நடப்பதே சிரமமாவதும் நிஜமான தொல்லைகள். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, விசேஷங்களுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறவர்கள் பலர். ஆகவே, 'இந்த வயசுல உனக்கு அழகு கேக்குதா?' என்று வீட்டில் யாரும் வாய்விடாமல் இருப்பது நல்லது.

முதலில் எடை ஓர் இடத்தில் நிற்கட்டும்!

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எடை குறைந்துகொண்டே இருக்கும்போது இந்த ஆபரேஷன் கூடாது. பிறகு இன்னும் 10 கிலோ குறைந்தால் தோல் மறுபடி தொங்கும். மாறாக எடை ஏறினால், தைத்த இடம் மறுபடி விரிந்துபோகும். இரண்டிலுமே பணமும் வலியும் வீண்.

எடை குறைந்தபட்சம் 3 முதல் 6 மாதம் ஏறாமல் இறங்காமல் நிற்க வேண்டும். இரைப்பையைச் சுருக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பொதுவாக 12 முதல் 18 மாதம் காத்திருக்க வேண்டியிருக்கும். உயரத்துக்கு ஏற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 160 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு 30 என்பது சுமார் 77 கிலோ. 35-ஐத் தாண்டினால், அதாவது அதே உயரத்துக்கு 90 கிலோவை நெருங்கினால், புண் ஆறாமை, ரத்தக் கட்டி போன்ற சிக்கல்கள் கூடும்.

இனி குழந்தை பெற்றுக்கொள்ளும் யோசனை இருந்தால், வயிற்று ஆபரேஷனைப் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். எடை குறைக்கும் ஊசி மருந்துகள் இப்போது நம் நாட்டிலும் வந்துவிட்டன. டிர்ஸெபடைட் ஊசியும், எடைக்கென்றே வந்த செமாகுளுடைட் ஊசியும் 2025-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தன. இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருக்கும் உணவு நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. எனவே, ஊசி போடுகிறவர்கள் அதை சர்ஜனிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உடம்பில் தெம்பு இருக்கிறதா?

பெரிய காயம் ஆறுவதற்குப் புரதமும் இரும்புச்சத்தும் கட்டாயம் வேண்டும். வேகமாக எடை குறைத்தவர்களுக்கு, அதிலும் பேரியாட்ரிக் ஆபரேஷன் ஆனவர்களுக்கு, இவை இரண்டும்தான் குறைந்திருக்கும். ஹீமோகுளோபின், அல்புமின், இரும்பு, பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி, சர்க்கரை ஆகிய பரிசோதனைகளைச் செய்து, குறை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இவர்களுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு 60 முதல் 100 கிராம் புரதம் தேவைப்படும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் சுமார் 6 கிராம், 100 கிராம் பன்னீரில் சுமார் 18 கிராம் கிடைக்கும். ஓர் இட்லியிலோ சுமார் 2 கிராம்தான்! ஆக, காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம் என்று ஓட்டுகிறவர்கள் கத்திக்கு முன்னால் தட்டைத்தான் மாற்ற வேண்டும். சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுப் புரதத்தைக் கூட்டவும்.

சிகரெட், பீடி, வாயில் அடக்கும் புகையிலை எதுவானாலும் ஆபரேஷனுக்கு 4 வாரம் முன்பாவது நிறுத்த வேண்டும். பிறகு 4 வாரமும் தொடக்கூடாது. நிகோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்தம் கிடைக்காத தோல் ஓரம் கறுத்து அழுகிவிடும்.

எந்த இடத்துக்கு எந்த ஆபரேஷன்?

பானிக்யுலெக்டமி: இடுப்புக்குக் கீழே தொங்குகிற மடிப்பை மட்டும் வெட்டி எடுப்பது. வயிற்றுத் தசைகளைத் தொடமாட்டார்கள். புண், அரிப்பு என்று அவதிப்படுகிறவர்களுக்கு இதுவே நிம்மதி தரும். 1899-லேயே அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் கெல்லி இந்த மாதிரி ஆபரேஷனைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆக, இது நேற்று முளைத்த ஃபேஷன் அல்ல.

அப்டாமினோபிளாஸ்டி: 'டம்மி டக்' என்பார்கள். தோலை எடுப்பதோடு, விலகிப்போன வயிற்றுத் தசைகளையும் இழுத்துத் தைத்து, தொப்புளைச் சரியான இடத்தில் வெளியே கொண்டுவருவார்கள். அகலவாட்டிலும் தோல் மிகுதியாக இருந்தால், நடுவயிற்றில் மேலிருந்து கீழாக இன்னொரு கோடும் போட வேண்டிவரும்.

பெல்ட் லிபெக்டமி: இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி வெட்டி, வயிறு, பக்கவாட்டு, பின்புறம் மூன்றையும் ஒருசேர இழுப்பது. பெரிய ஆபரேஷன், பல மணி நேரம் பிடிக்கும்.

மேல்கை: பிராக்கியோபிளாஸ்டி என்று பெயர். அக்குளிலிருந்து முழங்கை வரை உள்பக்கமாகத் தழும்பு இருக்கும். குட்டைக் கை ரவிக்கை போட்டால் தெரியலாம்.

தொடை: உள்தொடைத் தோலை எடுப்பது. நடக்கும்போது உரசுகிற இடம் என்பதால் காயம் ஆறத் தாமதமாகும். காலில் வீக்கமும் வரலாம்.

மார்பு: பெண்களுக்கு மார்பை மேலே தூக்கித் தைக்கலாம். ஆண்களுக்கும் எடை குறைந்தபின் மார்பு தொங்கும், அதையும் சரிசெய்யலாம்.

'கொழுப்பை உறிஞ்சும் லைபோசக்ஷன் போதாதா?' என்று பலர் கேட்கிறார்கள். அது கொழுப்பை எடுக்குமே தவிர, தோலை எடுக்காது. தொளதொளத்த தோலுக்கு அதை மட்டும் செய்தால், காற்றுப்போன பலூன் மாதிரி இன்னும் தொய்யும். மேற்சொன்ன ஆபரேஷன்களோடு துணையாகச் செய்வது உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க ஆசைப்படாதீர்கள். மிகவும் தொல்லை தருகிற இடத்தை முதலில் சரிசெய்து, சில மாதம் இடைவெளி விட்டு அடுத்ததைச் செய்வதே பாதுகாப்பு.

தோலுக்குப் பதில் தழும்பு

கணக்கு இதுதான்: தொங்குகிற தோலைக் கொடுக்கிறீர்கள், நீளமான தழும்பை வாங்குகிறீர்கள். முதல் சில மாதம் அது சிவந்து, தடித்திருக்கும். மங்குவதற்கு 12 முதல் 18 மாதம் ஆகும். முழுசாக மறையாது. நம்மைப் போன்ற மாநிறம், கறுப்புத் தோலில் தழும்பு கறுப்பதும் கட்டியாகத் தடிப்பதும் அதிகம். காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ உங்களுக்குத் தழும்பு புடைத்திருந்தால், அதை டாக்டரிடம் முதலிலேயே காட்டுங்கள்.

'மூடி மறைக்கிற இடத்தில் தழும்பு இருந்தால் பரவாயில்லை' என்கிறவர்களுக்கு இது லாபமான பேரம். 'ஒரு கோடுகூடத் தெரியக்கூடாது' என்கிறவர்கள் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

என்னென்ன ஆபத்து?

தையல் ஓரம் பிரிவது, சீழ் பிடிப்பது, ரத்தம் கட்டுவது, தோலுக்கடியில் நீர் சேர்வது ஆகியவை வரக்கூடியவை. பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். தொப்புளுக்குக் கீழே மரத்துப்போவது சிலருக்கு நிரந்தரமாக இருக்கும்.

உயிருக்கே ஆபத்தானது ஒன்று உண்டு. கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைப்பது. அதனால்தான் ஆபரேஷன் அன்றோ மறுநாளோ எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் ரத்தம் உறையாமலிருக்க ஊசி போடுகிறார்கள். கருத்தடை மாத்திரை, ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அவசியம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்கால் வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தேங்கும் நீர் வடிய ஒன்றிரண்டு வாரம் ரப்பர் குழாய் இருக்கலாம். இறுக்கமான உள்ளாடையைச் சுமார் 6 வாரம் போட வேண்டும். வயிற்று ஆபரேஷன் ஆனவர்கள் முதல் சில நாள் கொஞ்சம் குனிந்தபடிதான் நடப்பார்கள். ஆஃபீஸ் வேலைக்கு 2 முதல் 4 வாரத்தில் போகலாம். ஆனால், 6 வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், காஸ் சிலிண்டர், பேரக்குழந்தை எதையும் தூக்கக்கூடாது! சமையலுக்கும் துணிமணிக்கும் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி குறியுங்கள். 'நான் இல்லாட்டி வீடு நடக்காது' என்று பத்தாம் நாளே அம்மியைத் தூக்கினால் தையல்தான் பிரியும்.

யாரிடம் போவது?

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான தேசிய வாரியப் பட்டம் பெற்ற சர்ஜனிடம் மட்டும். பியூட்டி பார்லரிலோ, ஒரு ரூம் கிளினிக்கிலோ, 'சின்ன ஊசிதான் மேடம்' என்று சொல்கிற இடத்திலோ வேண்டவே வேண்டாம். தனி மயக்க மருந்து டாக்டரும், அவசர சிகிச்சைப் பிரிவும் உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள். இந்த மாதிரி கேஸ் எத்தனை செய்திருக்கிறீர்கள், தழும்பு எங்கே வரும், சிக்கல் வந்தால் மறுபடி ஆபரேஷனுக்கு யார் செலவு என்று நேராகவே கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை உண்டு. அங்கேயும் ஆலோசனை கேட்கலாம்.

இன்ஷூரன்ஸ்? வெறும் அழகுக்கான ஆபரேஷனுக்குப் பொதுவாகப் பணம் வராது. உடல்நலக் கேட்டை நீக்க இது அவசியம் என்று டாக்டர் சான்று தந்தால் கேட்டுப் பார்க்க இடமுண்டு. ஆகவே, படை, புண் என்று டாக்டரிடம் போன சீட்டுகளை, தேதி வாரியாகப் பத்திரப்படுத்துங்கள். ஆபரேஷனுக்கு முன்பே கம்பெனியிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் குறை ஒன்றுமில்லை. மடிப்புகளைத் தினம் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பருத்தி உள்ளாடை போட்டு, புண் வந்தால் உடனே காட்டினாலே பாதித் தொல்லை குறையும். சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கியது நீங்கள் குறைத்த அந்த நாற்பது கிலோதான். தோல் தொங்கினாலும் அந்த லாபம் உங்களை விட்டுப் போகாது. எடையை அதே இடத்தில் நிறுத்தி வையுங்கள். ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்பதை ஆறு மாதம் கழித்து நிதானமாகப் பேசி முடிவெடுக்கலாம்!