சேவலா, பெட்டையா?

ஜாம்ஷெட்பூர், பிலாய் போன்ற ஆலை நகரங்களில் கொல்லைப்புறத்தோடு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டால் நம்மவர்கள் முதலில் கறிவேப்பிலைக் கன்று வைப்பார்கள். அடுத்து நாலு கோழிக்குஞ்சு வாங்குவார்கள். பிள்ளைகளுக்கு வீட்டு முட்டை கிடைக்குமே என்ற ஆசைதான். நாலு மாதம் கழித்து நாலில் மூன்று கூவத் தொடங்கினால், தீனிச் செலவோடு பக்கத்து வீட்டாரின் மனத்தாங்கலும் சேர்ந்துகொள்ளும். குஞ்சிலேயே கண்டுபிடிக்க முடியாதா?

பொரித்த அன்றே சொல்லிவிடுகிற நிபுணர்கள் இருக்கிறார்கள். குஞ்சின் கழிவுத் துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளேயுள்ள மிகச் சிறிய புடைப்பைப் பார்த்துச் சொல்லும் முறையை 1920களில் ஜப்பானிய அறிஞர்கள் வகுத்தார்கள். நீண்ட பயிற்சி இருந்தால்தான் அது கைவரும். தெரியாதவர் அழுத்தினால் குஞ்சு செத்துப்போகும். வீட்டில் வேண்டவே வேண்டாம்.

சில பண்ணை ரகங்களில் இறக்கைச் சிறகின் நீளத்தைக் கொண்டு முதல் நாளிலேயே பிரிக்கலாம். அதற்கென்றே இணைசேர்த்த ரகங்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். நூலில் ஊசி கட்டி ஆட்டிப் பார்ப்பதும், முட்டையின் கூர்மையைப் பார்த்து அடைவைப்பதும் வெறும் நம்பிக்கைகள். கோழியினத்தில் ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி தரும் குரோமோசோமைப் பொறுத்தது. முட்டைக்கு ஓடு உருவாகும் முன்பே அது முடிவாகிவிடுகிறது.

நமக்குக் கைகொடுப்பது பொறுமைதான். 6 முதல் 8 வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை பெருத்துச் சிவக்கத் தொடங்கும், கால்கள் தடித்திருக்கும். பெட்டையின் கொண்டை சிறியதாக, வெளிறி இருக்கும். மூன்று மாதமானதும் முதுகைப் பாருங்கள். சேவலுக்குக் கழுத்திலும் வாலுக்கு முன்னேயும் கூரான, பளபளப்பான இறகுகள் முளைக்கும். பெட்டைக்கு அதே இடத்தில் இறகு நுனி வட்டமாக இருக்கும். இதுவே நம்பத்தகுந்த அடையாளம்.

ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்குக் கொண்டையும் கருமையோடியது. நிறத்தைப் பார்க்காமல் அளவைப் பாருங்கள். அசில் கோழிக்குக் கொண்டையே சிறியது. அதற்கு இறகுதான் சாட்சி.

முட்டைப் பண்ணைகளுக்கு ஆண் குஞ்சு தேவையில்லை. தெருவில் சாயம் பூசி மலிவாக விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் இப்படிக் கழிக்கப்பட்டவைதான். பிள்ளைகள் கேட்கிறார்களே என்று முட்டையை எண்ணி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். முட்டைதான் வேண்டுமென்றால், கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது மூன்று மாத வெடையை முதுகிறகு பார்த்து வாங்குவது நல்லது.

இன்னொன்று: சேவலே இல்லாவிட்டாலும் பெட்டை முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் தேவை. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒன்று போதும். மிச்சச் சேவல்களை ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு எடுப்பவர்கள், கத்தியை எடுக்குமுன் முதுகிறகை ஒருமுறை பார்த்துவிடுங்கள். அடுத்த மாதம் முட்டையிட இருந்த வெடை அதில் போய்விடக் கூடாது.